கட்டைச் சத்தம்

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே மாட்டியிருந்த டிவியில் எப்போதும் டோக்கன் நம்பர் மட்டும்தான் வரும். அன்று மதியம் அதில் ஓட்டப்பந்தயம் வந்தது. சேனலை மாற்றியவள் ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் அக்கா. சூப்பர்வைசர் வந்து முறைத்தபோது அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"டோக்கனை நான் வாயால கூப்பிடுறேன் சார். இந்தப் பொண்ணோட அண்ணன் ஓடப் போறான். ஊர் உலகமே பாக்குது, நாம பாத்தா ரத்தம் என்ன தயிராவா ஆயிடும்?"

சூப்பர்வைசர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் பார்க்க ஆசை.

இந்தப் பொண்ணு என்பது வாத்து. அவளுக்கு நல்லபடியாக ஒரு பெயர் இருக்கிறது, பட்டச் சான்றிதழில் அச்சடித்துக்கூடத் தந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்குத் தேடினாலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆனால் நடக்கும்போது பாதம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகிறது என்று ஆறு வயதில் அண்ணன் வைத்த பெயர்தான் நிலைத்தது. இப்போது லேப் டெக்னீஷியன். கையுறையைக் கழற்றாமலே டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

உலக அளவிலான தடகளப் போட்டி. ஆண்களுக்கான நூற்றுப்பத்து மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், அரையிறுதி. பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் ஆளின் இடுப்புக்கு மேலே. பதின்மூன்று விநாடியும் கொஞ்சமும் போனால் எல்லாம் முடிந்துவிடும். அண்ணன் ஆறாவது லேனில் நின்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். பெரிய டிவியில் சின்னவனாகத் தெரிந்தான்.

"என்னம்மா இது, நம்மாளு முகமே வாடிக் கிடக்கு?" என்றாள் பெருக்கும் அக்கா.

"அது அப்படித்தான் இருக்கும். பந்தயத்துக்கு முன்னாடி அண்ணன் யாருக்கும் முகம் குடுக்காது."

அந்த அரையிறுதியில் இருந்தது வெறும் மெடல் இல்லை. அண்ணனுக்கு வேலை பஸ் டிப்போவில். தாவித் தாவி ஓடுவதால் தவளை என்றால்தான் அங்கே அவனைத் தெரியும். அவன் கிளம்பும்போதே டிப்போ மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "ஃபைனல்ல போய் நில்லு, உன்னை விளையாட்டு ஆளா வச்சுக்கறேன். இல்லைன்னா ஒண்ணாம் தேதியிலருந்து டயர் செக்ஷன். காலை ஷிஃப்ட்." காலை ஷிஃப்ட் என்றால் ஐந்து மணிக்கு உள்ளே போக வேண்டும். ஐந்து மணிக்கு டயரைத் தூக்குகிறவன் எந்த மைதானத்தில் எப்போது ஓடுவான்? வயது இருபத்தெட்டு. தடை தாண்டுகிறவனுக்கு அது சாயங்காலம். இன்னொரு உலகப் போட்டி வரும்வரை அவன் கால் காத்திருக்காது.

முந்தைய நாள் முதல் சுற்றில் அவன் மூன்றாவதாக வந்திருந்தான். அதைவிடப் பெரிய சேதி அவன் கிளம்பிய வேகம். துப்பாக்கி வெடித்து பூச்சியம் புள்ளி ஒன்று பூச்சியம் நான்கு விநாடியில் கால் ஸ்டார்டிங் பிளாக்கைவிட்டுப் புறப்பட்டிருந்தது. பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் எந்த மனிதக் காதும் கேட்டு, எந்தக் காலும் நகர முடியாது என்பது அந்த விளையாட்டின் கணக்கு. அதற்குள் நகர்ந்தால் தப்பான தொடக்கம், மறுபேச்சில்லாமல் வெளியே. அண்ணன் அந்தக் கோட்டின் ஓரத்தில் மயிரிழை தள்ளி நின்றிருந்தான். வர்ணனையாளர் வாய் ஓயாமல் புகழ்ந்தார். வாத்து அந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதி லேப் முழுக்கக் காட்டினாள்.

"இது என் கட்டை வாங்கின நம்பர்," என்றாள்.

பொய்யில்லை. அந்தக் கட்டை அவளுடையதுதான்.

அப்பா மர அறுவை மில்லில் வேலை. ஒன்பது வருஷம் முன்னால் மிச்சம் விழுந்த இரண்டு பலகையை ஒரு கதவுக் கீலில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். விரித்து அடித்தால் துப்பாக்கி போலவே 'டப்'பென்று கேட்கும். அடிக்க ஆள் வேண்டும். தடகளச் சங்கம் நியமித்த கோச் என்று ஒருவர் இருந்தார். மழைக்குக் காளான் முளைப்பதைப் போல போட்டோ எடுக்கும்போது மட்டும் முளைப்பார். அம்மா தையல் கம்பெனிக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தவள் பதினாலு வயது வாத்து. காலை நாலே முக்காலுக்கு அண்ணன் அவள் போர்வையை உருவுவான். அவள் திட்டிக்கொண்டே பல் துலக்கி, திட்டிக்கொண்டே சைக்கிளின் பின்னால் உட்காருவாள். மைதானத்தில் அவன் குனிந்து கைகளை ஊன்றுவான். "செட்" என்பாள். அவன் இடுப்பு எழும்பும். மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு. டப்.

ஒண்ணு, ரெண்டு, டப். பள்ளிக்கூடம் முடிந்து கல்லூரிக்குப் போனபோதும் ஒண்ணு, ரெண்டு, டப். ஒரு நாளைக்கு முப்பது தடவை. தூக்கக் கலக்கத்தில், பரீட்சை அவசரத்தில், காய்ச்சலில். ஒரு நாளும் அவள் மூன்று எண்ணியதில்லை. ஒன்றோடு நிறுத்தியதுமில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை.

டிவியில் எட்டுப் பேரும் குனிந்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் இருந்த நோயாளிகள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். பஞ்சை முழங்கையில் வைத்து மடக்கிக்கொண்டு ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"செட்."

எட்டு இடுப்புகள் எழும்பின. நான்காவது லேன்காரன் கொஞ்சம் தாமதமாக எழுந்தான். அவன் அசையாமல் நிற்கட்டும் என்று துப்பாக்கிக்காரர் காத்திருந்தார்.

வாத்தின் உதடு தானாக அசைந்தது. ஒண்ணு. ரெண்டு. கையுறை போட்ட இரண்டு கைகளும் தாமாகவே சேர்ந்து 'டப்'பென்று அடித்துக்கொண்டன.

அதே நொடியில் டிவிக்குள் அண்ணன் பாய்ந்தான்.

அவன் மட்டும் பாய்ந்தான். துப்பாக்கி இன்னும் வெடிக்கவே இல்லை. முதல் தடையை அழகாகத் தாண்டி இரண்டாவதுக்கு மூன்று எட்டு வைத்த பிறகுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று அவனுக்கு உறைத்தது. திரும்பி நின்றான். மற்ற ஏழு பேரும் கோட்டிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயய்யோ, என்னம்மா ஆச்சு? ஏன் அவனை மட்டும் நிறுத்தறாங்க?" என்றாள் பெருக்கும் அக்கா.

வாத்து டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஒட்டிக்கொண்ட தன் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஒருவர் சிவப்பும் கறுப்புமான அட்டையை அவன் முகத்துக்கு நேரே தூக்கினார். அண்ணன் தலையை ஆட்டினான். தன் காதைத் தொட்டுக் காட்டினான். கேட்டது, எனக்குக் கேட்டது என்று மறுபடி மறுபடி காதைக் காட்டினான். அவர் வெளியே கை நீட்டினார். அவன் போகவில்லை. இன்னொருவர் வந்து தோளில் கை வைத்தார். அப்போதும் காதைத் தொட்டுக்கொண்டே நடந்தான்.

"டோக்கன் நாப்பத்தி ரெண்டு!" என்று பெருக்கும் அக்கா கூப்பிட்டாள்.

நாற்பத்திரண்டாம் டோக்கனின் கையில் வாத்து நரம்பைத் தேடினாள். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அது உலகம் முழுக்கச் சுற்றியது. அவன் காதைக் காட்டும் பத்து விநாடியை வெட்டி, அதற்கு மேளச் சத்தம் சேர்த்து, சிரிப்புச் சேர்த்து அனுப்பினார்கள். 'செவிட்டுத் தவளை' என்று எவனோ எழுதினான். வாழ்க்கையில் ஒரு சாக்கடையைக்கூடத் தாண்டியிராதவன்கள் எல்லாம் தடை தாண்டுவது எப்படி என்று பாடம் எடுத்தார்கள். போட்டோ கோச், "பையனுக்கு மனப்பக்குவம் போதாது, நான் எவ்வளவோ சொன்னேன்" என்று பேட்டி கொடுத்தார். என்ன சொன்னாராம்? எந்தக் காலை மைதானத்தில் நின்று சொன்னாராம்?

இரண்டு நாள் கழித்துத்தான் அண்ணன் போன் செய்தான்.

"வாத்து."

"சொல்லுண்ணா."

"கேட்டுச்சுடி. அம்மா மேல சத்தியமா கேட்டுச்சு. டப்புன்னு கேட்டுச்சு. எல்லாரும் இல்லேங்கறாங்க. வீடியோ போட்டுக் காமிச்சாங்க. நான் ஓடுறேன், துப்பாக்கியில புகையே வரலை. ஆனா எனக்குக் கேட்டுச்சு."

அப்போதே அவள் சொல்லியிருக்கலாம். துப்பாக்கி இல்லேண்ணா, உனக்குக் கேட்டது என் கட்டை. ஒன்பது வருஷம், ஒரே இடைவெளி. நீ சத்தத்துக்கு ஓடலை, எண்ணி ஓடியிருக்கே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூச்சு விடும் நேரத்தில் சொல்லிவிடலாம்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"காதுல ஏதோ கோளாறு வாத்து. எனக்கு பயமா இருக்கு. உங்க ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் இருக்குதானே?"

"இருக்கு. நான் சொல்லி வைக்கிறேன்."

சொல்லியும் வைத்தாள். அவன் ஊர் வந்து சேர்ந்த நாளில் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தவிர ஒரு நாய்கூட நிற்கவில்லை. போகும்போது மாலையோடு வந்தவர்கள் பதினாறு பேர். அவனைக் கூட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அவள் ஒன்றையே வேண்டிக்கொண்டாள். இதைச் சொல்லவே வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை: அண்ணனின் காது நிஜமாகவே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

காது டெஸ்ட் எடுக்கும் அக்காவின் அறை மூன்றாம் மாடியில். உள்ளே இன்னொரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு அடைத்த கண்ணாடிக் கூண்டு. அண்ணன் அதற்குள் காதில் ஹெட்போனும் கையில் ஒரு பொத்தானுமாக உட்கார்ந்தான். எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டாலும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே அக்காவின் மெஷினில் பச்சை விளக்கு எரியும்.

வாத்து அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பந்தயக் கோட்டில் குனியும்போது இருக்கும் அதே முகம்.

விளக்கு எரிந்தது. எரிந்தது. எரிந்தது.

"அடேயப்பா, எறும்பு தும்மினாக்கூட உங்கண்ணனுக்குக் கேட்கும் போல," என்றாள் அக்கா. "எவன்டி இவனைச் செவிடன்னது?" பிறகு கை நின்றது. "இரு இரு. இது என்ன?"

"என்னக்கா?"

"நான் இப்ப சத்தமே குடுக்கலை. பாரு."

அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். மெஷின் சும்மா கிடந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. ஒண்ணு, ரெண்டு. மறுபடி எரிந்தது.

"சாப்பாட்டு நேரமா, நானும் அவசரத்துல ஒரே சீரா குடுத்துட்டேன். ஆளு தாளத்தைப் பிடிச்சுட்டார். காதால கேட்கலை, எண்ணி அழுத்தறார். சில பேர் இப்படித்தான். அதுக்குத்தான் இடைவெளியை மாத்தி மாத்திக் குடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லித் தர்ற முதல் பாடமே." பொத்தான்களை மாற்றியபடி திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி நீ அழுவுறே? காது நல்லாத்தான் இருக்கு."

முதல் பாடம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாடத்தை வாத்துக்கும் ஒருவர் சொல்லத்தான் செய்தார். டிப்போக்களுக்கு இடையிலான போட்டியில் துப்பாக்கி சுடும் மனிதர், மின்சார ஆபீஸ் கிளார்க். அண்ணன் ஜெயித்த பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதானே கட்டை அடிக்கிற பொண்ணு? சில நாள் இழுத்து அடி, சில நாள் சட்டுன்னு அடி. உங்கண்ணன் என் துப்பாக்கிக்கு ஓடலைம்மா. வேற எதுக்கோ ஓடுறான். என்னிக்காவது மாட்டிக்குவான்."

அவருடைய மச்சான் மகன் அன்று நான்காவதாக வந்திருந்தான். வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டிவிட்டாள். பட்டம் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிளார்க் எனக்குச் சொல்லித்தர வந்துட்டாரா என்று நினைத்தாள்.

மருந்துக் கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அங்கே வைத்துச் சொன்னாள். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணியதிலிருந்து, டிவிக்கு முன்னால் தன் கை தானாக அடித்துக்கொண்டது வரை சொன்னாள். அண்ணன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என் காது நல்லா இருக்கு," என்றான் கடைசியில். முகத்தில் ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. "சரி விடுடி. உனக்கு எப்படித் தெரியும்? நீ சின்னப் புள்ளை."

அங்கேயே அவள் வாயை மூடியிருக்கலாம். சொல்ல வேண்டியபோதெல்லாம் மூடிய வாய் அன்றைக்கு மூட மறுத்தது.

"தெரியும்ணா. மின்சார ஆபீஸ் கிளார்க் சொன்னார்."

"எப்ப?"

"மூணு வருஷம் முன்னாடி."

அவன் மடிப்பதை நிறுத்தினான்.

"மூணு வருஷமா?"

"நான் நம்பலை. பொறாமையில பேசறார்னு நினைச்சேன்."

"நீ நம்பாட்டிப் போ. எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் எவ்வளவோ பதில் தேடினாள். இருந்தது ஒன்றுதான்.

"சொன்னா நீ வேற ஆளைத் தேடிப் போயிடுவேன்னு தோணுச்சு. காலேஜ்ல, லேப்ல, எல்லார்கிட்டயும் எங்கண்ணனுக்கு நான்தான் கோச்சுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

அண்ணன் அவளைப் பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. தடை தட்டி விழுந்தவன் எழுந்ததும் காலைப் பார்ப்பானே, எங்கே உடைந்தது என்று தேடுவானே, அப்படிப் பார்த்தான்.

"நீ டூட்டிக்குப் போ," என்று எழுந்து நடந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அப்பா மில்லில் இருந்து வந்து மரத்தூளைக்கூட உதறாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"டாக்டர் என்னடா சொன்னாங்க?"

அண்ணன் நாலாக மடித்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். "வலது காது கொஞ்சம் மந்தமாம்மா. அதான் அன்னிக்கு என்னமோ கேட்ட மாதிரி ஆயிடுச்சு."

"ஐயோ என் சாமி," என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள். அப்பா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்க இங்கிலீஷ். அவர் அதை வாத்திடம் நீட்டினார்.

"நீதான் படிச்சவ. என்ன போட்டிருக்கு, சரியா படிச்சுச் சொல்லு."

அந்த வீட்டில் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதற்காகத்தான் அப்பா மூட்டை மூட்டையாகச் சுமந்தார், அம்மா ஓவர்டைம் தைத்தாள், டிப்போ வேலைக்குப் போனால் போதும் என்று அண்ணன் பத்தாவதோடு நின்றான். இரண்டு காதும் இயல்பு என்று அதில் தெளிவாக இருந்தது. அவள் நிமிர்ந்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலது காது மந்தம்னுதான் போட்டிருக்குப்பா," என்றாள்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "பிறவிக் கோளாறா இருக்கும். பாவம், புள்ளை என்ன பண்ணுவான்?"

ஒண்ணாம் தேதி அண்ணன் டயர் செக்ஷனுக்குப் போனான். காது மந்தம் என்ற சேதி அவனுக்கு முன்னாலேயே டிப்போவுக்குப் போயிருந்தது. கேலி நின்றுவிட்டது. சீக்காளியைக் கேலி செய்ய அவர்களுக்கும் மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லாரும் சத்தம் போட்டுப் பேசத் தொடங்கினார்கள். மேனேஜர் கத்தினார். மெக்கானிக் பக்கத்தில் வந்து கையை வாயருகே குவித்துக் கத்தினார். வீட்டில் அப்பா கத்தினார். எறும்பு தும்மினாலும் கேட்கிற அந்தக் காதில் ஊரே கத்தியது. அண்ணன் பொறுமையாகத் தலையைச் சாய்த்து, வலது காதைத் தவிர்த்து இடது காதைக் கொடுத்து, எல்லாருக்கும் பதில் சொன்னான்.

காலை நாலே முக்காலுக்கு வாத்துக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது. போர்வையை உருவ ஆள் இல்லை. அன்றும் எழுந்து வந்தாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து டிப்போ பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு கை தூரத்தில் நின்றாள். அவனிடம் மெதுவாகப் பேசுகிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

"அண்ணா."

அவன் இடது கயிற்றை இழுத்து முடிந்தான்.

"அண்ணா, ஒரு வார்த்தை பேசேன்."

வலது கயிற்றை எடுத்தான். தலை திரும்பவில்லை.

"காதுல என்னடா போட்டு வச்சிருக்கே? டீ ஆறுது, குடிச்சிட்டுப் போடா!" என்று சமையலறையிலிருந்து அம்மா தொண்டை கிழியக் கத்தினாள்.

"கேக்குதும்மா," என்றான் அண்ணன்.